மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொடுத்தவள்

வனுவா லெவு தீவின் வடக்குக் கரையோரம் இருக்கும் ஏழு பள்ளிக்கூடங்களிலும் வசிதிக்குக் காதல் மேடம் என்றுதான் பெயர். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். சுருட்டிய படத்தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, வேலியில் தொத்திக்கொண்டு நிற்கும் பையன்கள், "டேய், காதல் மேடம் வந்தாச்சு, இன்னைக்குக் கணக்கு கிடையாது" என்று உள்ளே சேதி அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கணக்கு வகுப்பைக் காலி செய்து தருகிறவளை எந்தப் பிள்ளை வெறுக்கும்?

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பெண்கள் அமைப்பு ஒன்று இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, ஒரு பையும் படத்தாள்களும் பஸ் காசும் கொடுத்து அவளை அனுப்பியிருந்தது. பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் போய், ஒருவர் மேல் ஒருவர் ஆசை வைத்துப் பழகும்போது மிரட்டாமல், வேவு பார்க்காமல், கை நீட்டாமல் பழகுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் வேலை.

அந்த வேலைக்கு அவளை விடத் தகுதியானவள் கிடைத்திருக்க மாட்டாள். ஆனால் அந்தத் தகுதியைப் பற்றி அவள் வகுப்பில் வாய் திறந்ததில்லை. பதினேழு வயதில் அவள் பின்னால் சுற்றியவன்தான் பிற்பாடு அவளுக்குப் புருஷனானான். சுற்றுகிற காலத்திலேயே கை நீட்டியவன். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவன் விட்ட அறையில் இடது காது போயிற்று. "உன் மேல அவனுக்கு அவ்வளவு உசிருடி" என்று தோழிகள் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் என்று நம்பினாள். நம்பி, தலைநகர் சுவாவுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அவனோடு எட்டு வருடம் குடித்தனம் நடத்தினாள். ஒரு செவ்வாய்க்கிழமை, எந்திரத்துக்குள் படுக்கை விரிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, போட்டிருந்த சீருடையோடு வெளியே வந்து கப்பலேறிவிட்டாள். ஏன் அந்தச் செவ்வாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அதற்கு முந்தைய செவ்வாய்களிலும் அதே அடிதான் விழுந்தது.

ஊருக்குத் திரும்பியவளை அண்ணன் சகியூசா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அந்தக் கரையில் அண்ணனும் தங்கையும் வயதுக்கு வந்த பிறகு ஒருவரோடொருவர் நேராகப் பேசுவது கிடையாது. பகை அல்ல, மரியாதை. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது நின்ற பேச்சு, நின்றதுதான். ஆனால் மறு வாரமே அண்ணன் தன் வீட்டுக்குப் பின்னால் தகரமும் பலகையும் வைத்து அவளுக்கு ஒரு சின்ன வீடு கட்ட ஆரம்பித்தான். தன் மனைவி தோரிகாவிடம், "கதவு கடல் பக்கம் வேணுமா, மலைப் பக்கம் வேணுமான்னு கேளு" என்றான். தோரிகா வந்து கேட்டாள். "கடல் பக்கம்னு சொல்லுங்க அண்ணி" என்றாள் வசிதி. அண்ணன் ஆறடி தூரத்தில் ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

ஏழு பள்ளிக்கூடங்களில் ஆறு எளிதில் திறந்துகொண்டன. ஏழாவது திறக்கவில்லை. மூன்று கிராமத்துப் பிள்ளைகள் படிக்கிற பெரிய பள்ளிக்கூடம் அது. ரக்பியில் பேர் வாங்கியது. அதன் நிர்வாகக் குழுவில் பெரிய கை, பக்கத்துக் கிராமத்துத் தலைவன் இலைதியா. அவன் வசிதிக்கு மாமன் மகன் முறை. அந்த முறையில் எதை வேண்டுமானாலும் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

"காதலிக்கச் சொல்லித்தர ஆள் வருதாமே மச்சினி. நாங்கெல்லாம் படிச்சிட்டா பண்ணோம்?"

"நீங்க பண்ண லட்சணத்தைப் பாத்துத்தான் மச்சான் என்னை அனுப்பியிருக்காங்க."

"உன்னை அனுப்பினது சரி. நீ எந்தப் பரீட்சையில பாஸ் பண்ணே? புருஷனை விட்டுட்டு வந்தவகிட்ட பொண்ணுங்க என்னத்தைக் கத்துக்கும்? கப்பல் டிக்கெட் எடுக்கவா?"

"அதையும் சொல்லித்தரேன். உங்க பொண்டாட்டிக்கு ஒரு டிக்கெட் இனாம்."

சுற்றியிருந்தவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இலைதியாவும் சிரித்தான். ஆனால் அனுமதி மட்டும் வரவில்லை. மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். இது வெள்ளைக்காரச் சரக்கு, நம் பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று போதகரும் தலையாட்டிவிட்டார்.

அப்போதுதான் வசிதிக்கு அந்த யோசனை வந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவள் ஒரு புதுப் படத்தாளைக் கொண்டுபோனாள். அவளே வரைந்தது. பாயில் ஒருவன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கையிலும் திமிங்கிலப் பல்லை ஏந்தியிருக்கிறான். தவறு செய்தவன் பாதிக்கப்பட்டவர்களின் வீடு தேடிப் போய்ப் பல்லை வைத்து மன்னிப்புக் கேட்கிற சடங்கு. புலுபுலு என்பார்கள். புதைத்தல் என்று பொருள். பல்லை வாங்கிக்கொண்டுவிட்டால் தவறு மண்ணுக்குள் போயிற்று. அதன் பிறகு அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

"நான் சொல்லித்தரப் போறது புதுசு இல்ல," என்றாள் வசிதி. "தப்புப் பண்ணவன் அது என் தப்புதான்னு சொல்லணும். அதை நம்ம முன்னோர் எந்த வெள்ளைக்காரன்கிட்டயும் கேட்டுக் கத்துக்கல. என் வகுப்புல அதைத்தான் சொல்லுவேன். தலை குனியத் தெரிஞ்சவன்தான் ஆம்பளை."

கூட்டம் மெல்லத் தலையசைத்தது. இலைதியா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான். "பல்லு கொஞ்சம் சின்னதா இருக்கு மச்சினி. நம்ம பக்கத்துத் தப்புக்கு இது பத்தாது" என்றான். அனுமதி கிடைத்துவிட்டது.

சுவாவில் இருந்த தலைமை அலுவலகத்துக்கும் அந்தப் படம் பிடித்துப் போயிற்று. அச்சடித்து மற்ற மாகாணங்களுக்கும் அனுப்பினார்கள். கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில் அவள் பெயர். வாழ்க்கையில் அவள் சொந்தமாகச் செய்து நாலு பேர் பார்த்த பொருள் அது ஒன்றுதான். ஒரு பிரதியைத் தன் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நெதானி படித்தான். இலைதியாவின் அண்ணன் மகன். பதினேழு வயது. பந்து கையில் வந்தால் வரம்போரமாக அவன் ஓடுவதைப் பார்க்கவே மூன்று கிராமமும் மைதானத்துக்கு வரும். வகுப்பிலும் முதல் வரிசை. மற்றப் பையன்கள் பெஞ்சுக்கடியில் காலால் எத்திக்கொண்டு இளிக்கும்போது அவன் ஒருவன் குறிப்பெடுப்பான்.

"பொறாமை வந்தா என்ன பண்றது மேடம்?" என்று அவன்தான் கேட்டான்.

பின்னால் இருந்து ஒரு குரல், "ரெண்டு ரவுண்டு ஓடு மாப்ள" என்றது. வகுப்பு சிரித்தது.

"அது நல்ல பதில்தான். ஓடு," என்றாள் வசிதி. "பொறாமை வர்றது குத்தமில்ல. வந்த பிறகு உன் கை என்ன பண்ணுது, அதுதான் கணக்கு."

பாடத்தின் முடிவில் ஒரு சின்ன நாடகம் உண்டு. காதலியை எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசிவிட்ட பையன், பிறகு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். யாரும் முன்வரவில்லை. நெதானி எழுந்து வந்தான். சாக்குச் சொல்லாமல், 'ஆனால்' என்று இழுக்காமல், அவள் படத்தாளில் எழுதியிருந்தபடியே சொன்னான். "நான் பண்ணது தப்பு. நீ என்ன பண்ணியிருந்தாலும் அது என் தப்புதான். அதுக்கு நான்தான் பொறுப்பு. உனக்கு எவ்வளவு நாள் வேணுமோ எடுத்துக்கோ." சொல்லும்போது குரல் உடைந்தது. இளித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மாலை பஸ்ஸில் வரும்போது, நாலு வருடத்தில் முதல் தடவையாக, இந்த வேலைக்குப் பலன் இருக்கிறது என்று வசிதி நினைத்தாள்.

அதனால்தான் ஆறு மாதம் கழித்து அண்ணன் மகள் கெலெரா வந்து, "அத்தை, ஒருத்தன் என்கிட்ட பேசுறான்" என்று தொடங்கியபோது, பெயரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நெதானியா? என் வகுப்புப் பையன். நல்ல பையன்டி."

"நீங்க நல்லவன்னு சொல்லுவீங்கன்னு அவனே சொன்னான்."

கெலெராவுக்கும் பதினேழு. வாயாடி. அப்பாவைப் போலக் கறுத்து நெடுநெடுவென்று இருப்பாள். மத்தியான நேரத்தில் அத்தையின் வீட்டுக்கு வந்து பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்ப்பாலில் தோய்த்துத் தின்றபடி ஊர்க்கதை பேசுவாள். அந்தப் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. சிவப்புச் சட்டையைப் போடுவதை நிறுத்தினாள். கைப்பந்து ஆடப் போவதை நிறுத்தினாள். இவையெல்லாம் அறிகுறிகள் என்று வசிதி ஏழு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவள். சொந்த வீட்டில் பார்த்தபோது, பரீட்சை நெருங்குகிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை கெலெரா துவாலையில் கையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். விழுந்துவிட்டேன் என்றாள். வசிதி ஒன்றும் கேட்காமல் அவளைப் பஸ் ஏற்றி நகர மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. முழங்கைக்கு மேலே நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் பதிந்த தடம் இருந்தது. விழுந்தால் அப்படித் தடம் வராது.

மாவுக்கட்டு காயும் வரை இருவரும் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுக்கு?" என்றாள் வசிதி.

"பஸ்ஸுல பெரியம்மா பையன் பக்கத்துல உக்காந்து வந்தேன். அண்ணன் முறை, அவன்கிட்ட எனக்குப் பேச்சே கிடையாதுன்னு சொன்னேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி கையை முறுக்கினான்."

"இது முதல் தடவையா?"

கெலெரா மாவுக்கட்டையே பார்த்தாள். "நாலாவது. ஆனா ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டான் அத்தை. அழுதான். 'ஆனா'ன்னு இழுக்கல. நீ என்ன பண்ணியிருந்தாலும் அது என் தப்புதான், நான்தான் பொறுப்பு, எவ்வளவு நாள் வேணுமோ எடுத்துக்கோன்னு. நீங்க சொன்ன மாதிரியே. அதான் எனக்கு..." என்று நிறுத்தினாள். "அப்படிக் கேக்குறவன் மாறிடுவான்னுதானே அர்த்தம்."

வசிதி சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் ஒன்று விடாமல் அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்திருந்தன.

அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் காவலர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். "பதினெட்டு ஆகலையே. அப்பா வந்து கையெழுத்துப் போடட்டும். பெரிய அதிகாரி திங்கக்கிழமைதான் வருவாரு, அன்னைக்குக் கூட்டிட்டு வாங்க அக்கா. வந்துட்டா நான் விட மாட்டேன்" என்றாள்.

ஆக, எல்லாம் சகியூசாவின் ஒரு கையெழுத்தில் நின்றது. திங்கள் வரை நாலு நாள்.

வியாழன் காலை அண்ணன் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். தோரிகா அவனுக்கும் வசிதிக்கும் நடுவில் சேம்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். வசிதி அண்ணியைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணி, திங்கக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுன்னு சொல்லுங்க. போலீஸ்ல அவர் கையெழுத்து இல்லாம நடக்காது."

தோரிகா நிமிரவில்லை. "காதுல விழுந்துச்சா?" என்றாள்.

அண்ணன் வலையைப் பார்த்துச் சொன்னான். "பொண்ணு வலிக்குதுன்னு சொல்றாளான்னு கேளு."

"ராத்திரி முழுக்க முனகினாள்னு சொல்லுங்க."

"நான் அம்மா, எனக்குத் தெரியாதா, நீங்க ரெண்டு பேரும் என்னைத் தபால்காரி ஆக்கிட்டு" என்று தோரிகா இலையைக் கிள்ளி எறிந்தாள்.

சகியூசா ஊசியைக் கீழே வைத்தான். "திங்கக்கிழமை போறேன்னு சொல்லு. அந்த நாயை உள்ள வைக்காம விட மாட்டேன்னு சொல்லு."

வசிதி வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை. அண்ணன் சொன்ன சொல் மாறாதவன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். எட்டுப் பேர். முன்னால் இலைதியா, நல்ல சுலு வேட்டி கட்டி, தலையைத் தாழ்த்தி. நடுவில் நெதானி. யாரும் சத்தமாகப் பேசவில்லை. பாதையில் நின்ற பிள்ளைகள்கூட விலகி உட்கார்ந்துவிட்டார்கள். எதற்கு வருகிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. தோரிகா அவசர அவசரமாகப் பாய் விரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அடுப்பில் கிழங்கு வைத்தார்கள். வந்தவர்களை உள்ளே விடாமல் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வசிதிக்கும்தான்.

மேல் பக்கம் சகியூசாவும் அவன் சித்தப்பா நெமானியும் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் எதிரே. பெண்கள் வாசலோரம். கெலெரா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அத்தையோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

இலைதியா பல்லை இரு கையிலும் ஏந்தினான். பெரிய பல். நூறு வருடத்துக் கைபட்டுப் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அவன் குரலில் வழக்கமான நக்கல் துளியும் இல்லை.

"இந்த வீட்டு முன்னால நாங்க மண்ணு. எங்க பிள்ளை உங்க பிள்ளையோட கையை முறிச்சிட்டான். அவ பஸ்ஸுல வந்தா, சிரிச்சா, அதெல்லாம் நாங்க சொல்ல வரல. என்ன நடந்திருந்தாலும் தப்பு எங்களோடதுதான். நாங்கதான் பொறுப்பு." வாசல் பக்கம் மரியாதையோடு தலை திருப்பினான். "எங்க பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது இந்த வீட்டுப் பொண்ணுதான். தலை குனியத் தெரிஞ்சவன்தான் ஆம்பளைன்னு படம் போட்டுச் சொன்னா. அவ சொன்னதைத்தான் இன்னைக்குச் செய்யறோம். பிள்ளை தலை குனிஞ்சு உக்காந்திருக்கான். ஏத்துக்குங்க."

கேலி இல்லை, சூது இல்லை. இலைதியா மனசாரச் சொன்னான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நெதானி தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகையிலும் பொய் இல்லை. வசிதி வாசலோரத்தில் இருந்து பார்த்தாள். பாய், கவிழ்ந்த தலை, ஏந்திய பல். தான் வரைந்தபடியே இருந்தது. படத்தில் அவள் வரையாமல் விட்டது ஒன்றுதான். பல்லைக் கொடுப்பவனும் வாங்குபவனும் ஆண்கள். கை முறிந்தவள் படத்தில் எங்கேயும் இல்லை.

சகியூசா பல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டுப் பேர் தன் முன்னால் தலை தாழ்த்தி உட்கார்ந்திருக்கும்போது மறுத்தால் மூன்று கிராமத்துக்கும் அவன் கல்நெஞ்சன். இன்றைக்கு மறுக்கிறவன் நாளை தன் வீட்டுத் தவறுக்கு எந்த வாசலில் போய் உட்காருவான்? அவன் கை மெல்ல நீண்டது.

"அண்ணே, வாங்காதீங்க."

சொன்னது தான்தான் என்பது வசிதிக்கு ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. இருபத்தாறு வருடம் கழித்து அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை.

தோரிகா மேல்துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பிடரி மட்டும் கறுத்துச் சிவந்தது.

"நாலு தடவை கேட்டுட்டான் அண்ணே மன்னிப்பு," என்றாள். நிறுத்த முடியவில்லை. "இது அஞ்சாவது. வாங்கிட்டா இவ இனிமே வாயைத் திறக்க முடியாது. கையெழுத்துப் போடறேன்னு சொன்னீங்க."

இலைதியா பல்லை ஏந்தியபடியே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கடைசியில் நெமானிதான் தொண்டையைச் செருமினார். கோபப்படவில்லை. சடங்குகளில் கரைத்துக் குடிக்கும் கவா வேர்க்கட்டு ஒன்றை மூலையில் இருந்து இழுத்து முன்னால் வைத்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணு வாய் தவறிட்டா. அண்ணன் முன்னால பேசிட்டா, வந்தவங்க முன்னால பேசிட்டா. சின்ன வயசுல நிறையப் பட்டவ. அந்தத் தப்புக்கு இந்த வேரு. பெரிய தப்போட இந்தச் சின்னத் தப்பும் சேர்ந்து போகட்டும்."

சகியூசா பல்லை வாங்கிக்கொண்டான். வந்தவர்கள் வேர்க்கட்டைத் தொட்டார்கள். குவித்த கைகளை எல்லோரும் மூன்று முறை தட்டினார்கள். முறிந்த எலும்பும் வசிதியின் பேச்சும் ஒரே குழிக்குள் போயின.

அதன் பிறகு சாப்பாடு. வந்தவர்களுக்கு வீட்டுப் பெண்கள்தான் பரிமாற வேண்டும். வசிதி சேம்பிலைக் கறியை ஊற்றிக்கொண்டு வரிசையாகப் போனாள். இலைதியா கிண்ணத்தை நீட்டி மெல்லிய குரலில், "மச்சினி, உன்னை நாங்க அன்னைக்கே உள்ள விட்டிருக்கக்கூடாது. இப்பப் பாரு, நல்ல பேச்செல்லாம் நாங்க பேசறோம், கெட்ட பேரு உனக்கு" என்றான். சமாதானப்படுத்தத்தான் சொன்னான். அவள் கிண்ணத்தை நிரப்பிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தாள்.

தோரிகா தேநீர்க் கோப்பையைக் கெலெராவிடம் கொடுத்து, நெதானியிடம் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். கெலெரா ஒற்றைக் கையில் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

"அத்தை, இப்ப அவன்கிட்ட நான் என்ன சொல்லணும்?"

உண்மையிலேயே கேட்டாள். அத்தைக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டாள். வசிதி பதில் சொல்வதற்குள், தேநீர் ஆறிவிடும் என்று தோரிகா அதட்டினாள். கெலெரா போனாள்.

திங்கட்கிழமை சகியூசா விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய்விட்டான். வசிதி ஏழு மணி பஸ்ஸில் தனியாகப் போனாள். பெண் காவலர் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"பல்லு வச்சுட்டாங்களா?" என்றாள்.

"ஆமா."

"பொண்ணாவது வந்து சொன்னா நான் மேல அனுப்பிப் பாக்கறேன் அக்கா. அவளைக் கூட்டிட்டு வாங்க."

அதைக் கெலெராவிடம் சொன்னபோது அவள் பயந்தவள் போலத் தெரியவில்லை. பெரியவளைப் போலத் தெரிந்தாள். "அப்பா எல்லார் முன்னாலயும் வாங்கிட்டாரு. நான் போயி பேசினா அவர் சொல்லு பொய்யாயிடும். கை ஆறிடும் அத்தை. அது ஆறாது" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து மாகாணப் போட்டி நடந்தது. நெதானி மூன்று முறை பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். கெலெரா மாவுக்கட்டில் பள்ளி நிறத்து நாடாவைச் சுற்றிக்கொண்டு கூட்டத்தோடு நின்றாள். கட்டின் மேல் தோழிகள் பெயர் எழுதியிருந்தார்கள். அவன் பெயர் நடுவில், எல்லாவற்றையும் விடப் பெரியதாக.

வசிதி சுவாவுக்கு எழுதினாள். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். பதில் அன்பாகத்தான் வந்தது. கிராமங்களில் அதிகம் வரவேற்புப் பெற்ற பக்கம் அதுதான், மூன்று மாகாணத்தில் அதை வைத்துத்தான் உள்ளே போக முடிகிறது, ஒரு சம்பவத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றார்கள். அவள் தன் வகுப்புகளில் மட்டும் அதைக் காட்டுவதை விட்டாள். வேலையை விடவில்லை. விட்டால் வேறு யாரோ அதே படத்தைக் காட்டுவார்கள். ஆனால் வகுப்பு முன்புபோல் இல்லை. பையன்களின் கேள்விகளுக்கு முன்பெல்லாம் சுடச்சுடப் பதில் சொல்வாள். இப்போது, நன்றாகப் பேசுகிற பையன் யாராவது எழுந்தால் அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். நாடகத்துக்கு ஆள் கேட்பதே இல்லை.

அண்ணனோடு பேச்சு பழையபடி அண்ணி வழியாகத்தான். மழையில் அவள் கூரை ஒழுகியபோது வந்து தகரம் மாற்றினான். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மூவரில் எவரும் பேசியதில்லை. அதைப் பேச ஒரு வழியும் இல்லை.

வருடக் கடைசியில் சுவாவில் ஒரு சங்கம் நெதானியை ஆட அழைத்தது. கெலெரா பரீட்சை எழுதி முடித்த வாரமே அவனோடு கப்பலேறினாள். சகியூசாவும் தோரிகாவும் துறை வரைக்கும் போய் வந்தார்கள். நல்ல குடும்பம், தவறை ஒத்துக்கொண்ட குடும்பம் என்று ஊர் சொன்னது.

இப்போது ஞாயிறுதோறும், ஆராதனை முடிந்த பிறகு, மூன்று மணிக்கு வசிதிக்குப் போன் வரும்.

"அத்தை, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்" என்பாள் கெலெரா. அதுதான் முதல் வார்த்தை. ஒரு தடவைகூட அதைச் சொல்ல அவள் மறந்ததில்லை.

"சரிம்மா. அங்க மழையா?"

"இல்ல, வெயில்தான். கிழங்கு விலை ஏறிப்போச்சு."

"இங்க சேம்பு நல்லா வந்திருக்கு. யாராவது வந்தா கொடுத்து விடறேன்."

பிறகு நெதானியின் குரல், பக்கத்தில் இருந்து, பணிவாக. "அத்தை, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்பா."

போன மாதம் ஒரு ஞாயிறு போன் வரவில்லை. மூன்று மணியில் இருந்து இருட்டும் வரை வசிதி வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிறு வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, போன வாரம் பல்வலி, வாயைத் திறக்க முடியவில்லை என்றாள் கெலெரா. அவள் பேச்சு ஒரு பக்கமாகக் குழறியது.

"உப்புத் தண்ணியில கொப்புளி" என்றாள் வசிதி.

"கொப்புளிச்சேன் அத்தை."

"மழையா அங்க?" என்று கேட்டாள் வசிதி.